ஊசியில்லா மருத்துவமனை

வண்டி மருத்துவமனை வாசலில் நின்றதும் நூராவின் முகம் மலர்ந்துவிட்டது. "அத்தா, இறக்கு, இறக்கு" என்று கால்களை உதைத்தாள். உதைத்ததில் முழங்கால் வலித்து உடனே நிறுத்திக்கொண்டாள். காய்ச்சலில் கண்கள் சிவந்து கிடந்தன. ஆனாலும் உள்ளே போகத் துடித்தாள்.

அவளுடைய தகப்பன் யூசுப் சிறுவனாக இருந்தபோது வெள்ளை உடுப்பைக் கண்டாலே ஊரைக் கூட்டுவானாம். நூராவின் வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி என்ற சொல்லே தெரியாது. தடுப்பு மருந்துகூட ஒட்டுப்பட்டையாகத்தான் தோளில் ஒட்டப்பட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பில் சோதனைக்காக ஊசி குத்தக் கூடாது, பெற்றவர்களே கேட்டால் ஒழிய. அப்படிக் கேட்ட பெற்றோர் யாரும் இருந்ததாக யூசுப் கேள்விப்பட்டதில்லை. கூடம் நிறைய ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தன. அங்கே விளையாடிய பிள்ளைகளில் பாதிப்பேர் நோயாளிகள் என்று சொன்னால் நம்ப முடியாது.

யூசுப் திருச்சி பாலக்கரையில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியர். மனைவி சுமையா வீட்டில் பச்சைக் குழந்தையோடு இருந்தாள். நூராவுக்குத் தம்பி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை மூத்தவளைத் தாயிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் பிரித்து வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே மருத்துவமனைக்கு யூசுப் மட்டும்தான் வந்தான்.

காய்ச்சல் தினமும் சாயங்காலம் ஏறும், காலையில் இறங்கும். வாரக்கணக்கில் இதே கதை. பிறகு நடப்பது நின்றது. உதடு வெளிறியது. சுமையா அந்தக் கேள்வியை நேராகக் கேட்கவே இல்லை. "அதுவா இருக்காதுல்ல?" என்று மட்டும் சொல்வாள். எது என்று இருவரும் பெயர் சொன்னதில்லை.

"எலும்பு மஜ்ஜை பார்க்கணும், முதுகுத் தண்டு நீர் பார்க்கணும், மூட்டு நீர் பார்க்கணும்" என்றார் டாக்டர் மெர்சி. சொல்லும்போதே யூசுபின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க. எதுவும் இவளுக்குச் செய்யப் போறதில்ல. எல்லாமே நிழலுக்குத்தான்."

நூராவைப் படியெடுப்பி என்ற வெள்ளைக் குடுவைக்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே மீன்கள் நீந்தும் படம் ஓடியது. அவள் மீன்களை எண்ணத் தொடங்கி, பாதியில் தூங்கிப்போனாள். அவள் தூங்கி எழுவதற்குள் அவளுடைய ரத்தமும் எலும்பும் நரம்பும் ஒவ்வோர் உயிரணுவாகக் கணக்கில் ஏறிவிட்டன. அந்தக் கணக்கு கணினிக்குள் ஓர் உடம்பாக எழுந்து மூச்சுவிட்டது. அதற்கு நிழலுடல் என்று பெயர். அதன் தோளில் குத்தினால் ரத்தம் வரும். மருந்து கொடுத்தால் வேலை செய்யும். நஞ்சைக் கொடுத்தால் சாகும். எத்தனை சோதனை வேண்டுமானாலும் செய்யலாம். அந்த நேரமெல்லாம் அசல் குழந்தை சறுக்குமரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்.

நூராவின் மணிக்கட்டில் வியர்வையைப் படிக்கும் ஒரு பட்டையைக் கட்டி, விளையாட்டுத்தோழியிடம் ஒப்படைத்தார்கள். அது உயரம் குறைந்த, மெத்தென்ற பொறி. குழந்தைகளின் பெயர் எல்லாம் அதற்குத் தெரியும். அது தூக்கிக்கொள்ள, நூரா திரும்பிப் பார்க்காமல் அதனோடு போனாள். யூசுப் சுமையாவுக்குப் போன் செய்து, "ஒண்ணுமே இல்ல. சிரிச்சிட்டுப் போறா" என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

அரைமணி நேரம் கூட ஆகியிருக்காது. நீல அங்கி போட்ட ஓர் இளம்பெண் அவனைத் தேடி வந்தாள். கவின்யா என்று பெயர் சொன்னாள். நிழலுடலை இயக்கும் நிழலாளர்களில் ஒருத்தி.

"சார், கொஞ்சம் உள்ள வரணும். நிழல் அழுவுது."

"அழுவுதா?"

"அழுதா ரத்தத்துல எல்லா அளவும் ஏறிடும் சார், கணக்கு தப்பாயிடும். நீங்க பக்கத்துல இருந்து பேசினா அடங்கிடும். எல்லாப் பேரன்ட்ஸும் வருவாங்க."

"அது வெறும் கணக்குன்னுதானே சொன்னாங்க? அதுக்கு எப்படி அழ வரும்?"

கவின்யாவுக்கு இந்தக் கேள்வி பழகியிருந்தது. "முன்னாடி மூளை இல்லாம செஞ்சு பார்த்தாங்க சார். காய்ச்சல் எவ்வளவு ஏறணும்னு சொல்றதே மூளைதானே. அது இல்லாம ஒரு முடிவும் சரியா வரல. அதான் மூளையும் வெச்சாங்க."

அவன் அறைக்குள் நுழைந்தான். சுவர் முழுக்க ஒரு திரை. திரைக்குள் ஒரு கட்டில். கட்டிலில் நூரா.

காலையில் சுமையா வாசலில் நின்று தூரத்திலிருந்தே தேர்ந்தெடுத்துச் சொன்ன அதே மஞ்சள் கவுன். அழுது மூக்கு ஒழுகியிருந்தது. அவனைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அத்தா! வலிக்கு அத்தா. தூக்கு."

யூசுப் ஓரடி பின்னால் போனான். பிறகு தன்னை அறியாமல் இரண்டடி முன்னால் போனான். கவின்யா அவன் கைகளில் உணர்கையுறைகளை மாட்டிவிட்டாள். அவன் கையை நீட்ட, திரைக்குள் அவனுடைய கை நீண்டது. நூராவின் நெற்றி அவன் உள்ளங்கையில் சுட்டது. வியர்வையின் ஈரம்கூடத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லடா. அத்தா இருக்கேன்ல. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

அவள் நம்பினாள். விம்மல் அடங்கியது. மூட்டுக்குள் ஊசி இறங்கியபோது அவன் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கவின்யா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கணக்கு சரியாகிவிட்டது.

"முடிஞ்சுது, முடிஞ்சுது. சமத்துப் பொண்ணு" என்றான் யூசுப்.

கட்டில் ஒரு கணம் இருண்டு மறுபடி வெளிச்சமானது. நூரா அதே மஞ்சள் கவுனில், இப்போதுதான் தூங்கி எழுந்தவளைப் போல் விழித்துப் பார்த்தாள். முகத்தில் அழுத சுவடே இல்லை. சுற்றிலும் பார்த்தாள். மீன்களைக் காணவில்லை. உதடு பிதுங்கியது.

"என்ன ஆச்சு?" என்றான் யூசுப்.

"அடுத்த டெஸ்ட் சார். ஒவ்வொண்ணையும் புது உடம்புல செய்யணும். அதனால முதல்ல இருந்த நிலைக்கே கொண்டு போயிடுவோம். முன்னாடி நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. நல்லதுதானே?"

"அத்தா! வலிக்கு. தூக்கு" என்றாள் நூரா.

அன்று பகல் முழுவதும் அவன் எறும்பு கடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் அது அவளுக்கு முதல் முறை. ஒவ்வொரு முறையும் நம்பினாள். முதுகுத் தண்டில் குத்தும்போது அவளைக் குப்புறப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "முடிஞ்சுது" என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. சொல்லாவிட்டால் அவள் அழுதாள். சொன்னான்.

சாயங்காலம் விளையாட்டுக் கூடத்துக்கு வந்தபோது அசல் நூரா ஒரு மூலையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். யூசுப் ஓடிப்போய் அவளை வாரி எடுத்து, முதுகைத் தடவி, முழங்காலை ஊதி, "மன்னிச்சிரு தங்கம், இனிமே இல்ல" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. முதுகில் ஊர்ந்த அவன் கையைத் தள்ளிவிட்டாள். "கட்டை" என்று கீழே கைகாட்டினாள்.

அவளை இறக்கிவிட்ட பிறகு யூசுப் குழம்பி நின்றான். இவளுக்கு எதுவுமே நடக்கவில்லை. திரையில் இருந்தவளுக்கு நடந்தது அவளுக்கே ஞாபகமில்லை. அப்படியானால் நாள் முழுவதும் வலித்தது யாருக்கு? தன் கையில் இன்னும் சுடுகிற அந்த நெற்றி யாருடையது?

மறுநாளும் அப்படியே போனது. நடுவில் சுமையா அழைத்தாள்.

"சாப்டாளா? எங்க இருக்கா புள்ள?"

"எந்தப் புள்ள?" என்று கேட்டுவிட்டான்.

மறுமுனையில் பச்சைக் குழந்தையின் முனகல் கேட்டது.

"என்னங்க பேசுறீங்க? நமக்கு இருக்கிறது ஒரே நூராதானே?"

"நீ வந்து பார்த்தா இப்படிக் கேட்க மாட்டே சுமையா. அது என்னை அத்தாங்குது. நீ எங்கன்னு கேட்குது."

"அது மிஷினுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா அங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க? நம்ம புள்ளகிட்ட போங்க."

"நான் போனா அது அழும். அழுதா ரிசல்ட் தப்பாயிடும். தப்பாச்சுன்னா நம்ம புள்ளைக்குத்தானே?"

சுமையா சொன்னதும் சரி, அவன் சொன்னதும் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தலை சுற்றியது.

மூன்றாம் நாள் டாக்டர் மெர்சி அவனை உட்கார வைத்து நல்ல செய்தி சொன்னார். அவர்கள் பெயர் சொல்லப் பயந்த நோய் இல்லை. நூராவின் உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே மூட்டுகளைப் பகையென்று நினைத்துத் தாக்குகின்றன. அதை அடக்க மருந்து இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. குறைந்தால் பலிக்காது, கூடினால் கல்லீரலைக் கெடுக்கும். அந்த அளவை நிழலில் பார்த்துவிட்டால் போதும்.

இந்தச் சோதனையில் நிழலைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு போகவில்லை. நாள்களைத் தொடர்ச்சியாக ஓட்டினார்கள். அவள் தூங்கும் பொழுதை விரைவாகக் கடத்திவிட்டு, விழித்திருக்கும் நேரத்தை மட்டும் யூசுபுடன் நிதானமாக ஓட்டினார்கள். அவன் காவிரி குடகு மலையில் புறப்பட்டு வருகிற கதையைச் சொன்னான். அவள் "அப்புறம்?" என்றாள். அவள் காய்ச்சல் இறங்கியது. முழங்கால் வீக்கம் வற்றியது. கடைசியில் ஒருநாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தள்ளாடித் தள்ளாடி அவன் கைவரை நடந்து வந்தாள். யூசுப் அழுதுவிட்டான். கவின்யாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே மருந்தை அதே அளவில் அசல் நூராவின் தோளில் ஒட்டினார்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாள் கூடியது. மூன்றாவது நாள் மணிக்கட்டும் வீங்கி, கட்டையைப் பிடிக்க முடியாமல் போனது. நிழலாளர்கள் கணக்கை முதலிலிருந்து சரிபார்த்தார்கள். பிழையே இல்லை. ஒரே உடம்பு, ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருத்தி நடக்கிறாள், ஒருத்தி நெருப்பாய்க் கொதிக்கிறாள்.

டாக்டர் மெர்சிதான் மணிக்கட்டுப் பட்டையின் பதிவை எடுத்துப் பார்த்தார். அதுவரை யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. குழந்தை அழாமல் இருந்ததால் தேவைப்படவில்லை. பார்த்ததும் யூசுபை அழைத்தார்.

"பயம் வந்தா கார்ட்டிசால்னு ஒண்ணு சுரக்கும். கேள்விப்பட்டிருப்பீங்க. கொஞ்ச நேரம் சுரந்தா வீக்கத்தை அடக்கும். நாள் கணக்கா சுரந்துட்டே இருந்தா உடம்பு அதைக் காதுலயே வாங்காது. வீக்கம் கட்டுக்கடங்காமப் போயிடும். நூராவுக்கு இங்க வந்த முதல் நாள்லேருந்தே ஏறிட்டிருக்கு."

"அவ சிரிச்சிட்டுத்தானே டாக்டர் இருந்தா? ஒரு சொட்டு அழலையே?"

"அழல. ஆனா உள்ள ஏறிட்டேதான் இருந்திருக்கு. அம்மா இல்ல. நீங்களும் இல்ல." அவர் அடுத்ததைத் தயங்கித்தான் சொன்னார். "நிழலுக்கு ஏறவே இல்ல சார். ஏறும்போதெல்லாம் நீங்க கையைப் பிடிச்சிருக்கீங்க. அதனால நாங்க மருந்து கணக்குப் போட்டது, அப்பா பக்கத்துல இருந்த உடம்புக்கு. இவ அப்பா இல்லாத உடம்பு."

யாருக்காக அங்கே உட்கார்ந்திருந்தோமோ அவளை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும் யூசுபுக்கு மெல்ல விளங்கியது.

"இப்ப என்ன பண்றது?"

"புதுசா படியெடுக்கலாம்னா இவ்வளவு காய்ச்சல்ல குடுவைக்குள்ள விட முடியாது. ஆனா ஒரு வழி இருக்கு. பழைய நிழலையே முதல்லேருந்து ஓட்டலாம், நீங்க இல்லாம. தனியா விட்டா அதுவும் நூரா மாதிரியே ஆயிடும். அப்புறம் அளவு பார்த்துடலாம். யாரும் பக்கத்துல இருக்க வேண்டியதில்லங்கறதால வேகமா ஓட்டிடலாம். ஒரு மணி நேரம்தான்."

"அவளுக்கு எவ்வளவு நேரம்?"

டாக்டர் மேசையைப் பார்த்தார். "ஒரு வாரம் மாதிரி இருக்கும்."

ஆளில்லாத அறையில் ஒரு வாரம் கையை நீட்டிக்கொண்டிருக்கும் குழந்தை அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. அது மிஷின் என்று சுமையா சொன்னது காதில் கேட்டது. இருக்கலாம். அவனால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் தீர்மானிக்காமலே வாய் பேசிவிட்டது.

"வேண்டாம். நூராவுக்கே ஊசி போட்டுப் பாருங்க. நான் பிடிச்சுக்கறேன்."

"நூராவுக்கேவா?"

"நான் கேட்டா செய்யலாம்னு சட்டத்துல இருக்குல்ல?"

இருந்தது. ஆனால் கைதான் பழகியிருக்கவில்லை. டாக்டர் மெர்சி ஆயிரம் நிழல்களைக் குத்தியிருப்பார். திமிறுகிற உயிருள்ள குழந்தையைக் குத்தியதில்லை. முதல் தடவை நரம்பு தப்பியது. இரண்டாம் தடவையும் தப்பியது. நூரா கட்டடமே அதிரக் கத்தினாள். யூசுப் அவளைத் தன் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். எறும்பு கடிக்கும் என்று இந்த முறை அவன் சொல்லவில்லை. "வலிக்கும்டா. வலிக்கும். அத்தா விடமாட்டேன்" என்றான். அவள் அவன் தோளைக் கடித்தாள். சட்டைக்கு மேலேயே பல் பதிந்தது. மூன்றாம் தடவை ரத்தம் வந்தது.

"கெட்ட அத்தா" என்றாள் நூரா, விக்கலுக்கு நடுவே. சொல்லிவிட்டு அந்தக் கெட்ட அத்தாவின் கழுத்தையே கட்டிக்கொண்டாள்.

நிழல் ஒருபோதும் அவனைத் திட்டியதில்லை. திட்டு வாங்கியதில் அவனுக்கு ஏதோ நிம்மதியாக இருந்தது. ஏன் என்று விளங்கவில்லை.

அவன் அதன்பிறகு அவளை விட்டு நகரவில்லை. ரத்தத்தைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றினார்கள். காய்ச்சல் தயங்கித் தயங்கி இறங்கியது. மழை விட்ட ஒரு காலையில் நூரா அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து நடந்தாள். வீட்டுக்குப் போனதும் சுமையா அவளை மடியில் போட்டுக்கொண்டு, கையில் இருந்த மூன்று கன்றிய புள்ளிகளையும் தடவிப் பார்த்தாள். "குத்தினாங்களா?" என்றாள். "குத்தினாங்க" என்றான்.

புறப்படும்போது கவின்யாவிடம் அவன் ஒன்று கேட்டிருந்தான். "அவ எங்க இருக்கா?"

"நிறுத்தி வெச்சிருக்கோம் சார். அவளுக்கு நேரம் ஓடாது. அடுத்த செக்கப்புக்கு எழுப்புவோம்."

அடுத்த செக்கப் இரண்டு மாதம் கழித்து வந்தது.

இந்த முறை வாசலைப் பார்த்ததும் நூரா அலறினாள். அத்தனை குழந்தைகளும் சிரித்துக்கொண்டு உள்ளே ஓட, இவள் மட்டும் அவன் கழுத்தை நெரித்துக்கொண்டு தொங்கினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் அழும் குழந்தையை அவர்கள் பார்த்ததில்லை.

உள்ளே நடைகூடம் மாறியிருந்தது. நிழலறைகளின் கதவுகள் சாத்தியிருந்தன. விளையாட்டுக் கூடத்தின் கதவும் சாத்தியிருந்தது. இரண்டுக்கும் நடுவே வரிசையாக நாற்காலிகள். அவற்றில் தாய்மார்களும் தகப்பன்மார்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கவின்யா அவனை அடையாளம் கண்டு மகிழ்ச்சியோடு வந்தாள். "உங்களுக்குத்தான் சார் நன்றி சொல்லணும். நூராவாலதான் அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சோம். நிழலுக்கும் குழந்தைக்கும் வித்தியாசமே இருக்கக் கூடாதுன்னு இப்ப எல்லா ஊர்லயும் மாத்திட்டாங்க. ஒரு கணக்குகூடத் தப்புறதில்ல."

"அப்ப ரெண்டு பேர் பக்கத்துலயும் யாராவது இருப்பாங்களா?"

"ரெண்டு பேர் பக்கத்துலயும் எப்படி சார் இருக்க முடியும்? பெத்தவங்க ஒருத்தர் வர்றாங்க, நாள் முழுக்க ரெண்டு இடத்துலயும் உட்கார முடியுதா? அதனால ரெண்டு பேர்கிட்டயும் யாரும் போறதில்ல. சமமா இருக்கும்." அவள் கைகளை நீட்டினாள். "நூராவைக் குடுங்க சார். நிழலை எழுப்பப் போறோம்."

யூசுப் சாத்திய கதவுகளை மாறி மாறிப் பார்த்தான். ஒன்றுக்குப் பின்னால் ஒருத்தி மஞ்சள் கவுனில் விழிக்கக் காத்திருந்தாள். இன்னொருத்தி அவன் கழுத்தில் இருந்தாள்.

"எழுப்ப வேண்டாம். ஊசியே போடுங்க" என்றான்.

ஓரத்தில் இருந்த சின்ன அறைக்கு அவர்களை அழைத்துப் போனார்கள். டாக்டர் மெர்சியின் கை இந்த முறை கொஞ்சம் தேறியிருந்தது. இருந்தும் நூரா விடவில்லை. ஊசி பட்டதும் வீறிட்டாள். அந்தச் சத்தம் கதவைத் தாண்டி நடைகூடம் முழுக்கப் பரவியது.

வெளியே நாற்காலிகள் கிறீச்சிட்டன. யூசுப் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். பாதிப்பேர் நிழலறைகளின் பக்கம் ஓடியிருந்தார்கள், பாதிப்பேர் விளையாட்டுக் கூடத்தின் பக்கம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஓர் இளம்பெண் நடுவில் நின்றாள். அவனைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"அழுதது எந்தப் புள்ளைங்க? என் பையனா? இல்ல அந்த நிழலா?"

"ரெண்டும் இல்லம்மா. இவதான் அழுதா. என் பொண்ணு."

அவள் நூராவின் நனைந்த முகத்தையும், அது அவன் தோளில் புதைந்து கிடப்பதையும் பார்த்தாள். நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். நாற்காலியை நோக்கித் திரும்பினாள். விளையாட்டுக் கூடத்தின் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. உட்காரப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"அப்ப என் புள்ள அழலையா?" என்று கேட்டாள்.